டிராபானில் மழை பெய்யவில்லை

வெயிலுக்காகக் கடற்கரைக்குப் போகிறவர்களை நான் மதிப்பதில்லை. வெயில்தான் வேண்டுமென்றால் வீட்டுப் பின்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து உடம்பை வாட்டிக்கொள்ள வேண்டியதுதானே? கடலை எதற்கு இதில் இழுக்க வேண்டும்? கடல் காற்றோடும் தூறலோடும்தான் வரும். மீன் வேண்டும், முள் வேண்டாம் என்றால் எப்படி?

எங்கள் மெயோ மாவட்டத்து டிராபான் கடற்கரைக்கு வழிகாட்டிப் பலகை கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. ஒரு ஜனவரிக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது, ஊரில் யாரும் தேடவில்லை. ஆட்டுப் பட்டியைச் சுற்றிக்கொண்டு, எதிரில் ஒரு டிராக்டர் வந்தால் வந்த வழியே பின்னோக்கிப் போக வேண்டிய பாதையில் இரண்டு மைல் வந்தால் வெள்ளை மணல், கறுப்புப் பாறை, பிறகு அமெரிக்கா வரைக்கும் தண்ணீர். ஆகஸ்டில்கூட என்னையும் சேர்த்து நான்கு பேர் இருந்தால் அன்றைக்குக் கூட்டம் என்று அர்த்தம். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் போட்ட கூச்சல் இன்னும் காதுக்குள் இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆறு வருடமாகத் தினமும் பதினொரு மணிக்கு டிராபானுக்குப் போகிறேன், கடலில் குளிக்கிறேன், பாறையில் சும்மா உட்காருகிறேன், ஒரு மணிக்குத் திரும்புகிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினாலும் நான் பதில் சொல்வதில்லை.

எப்போதாவது டப்ளினிலிருந்து ஒரு குடும்பம் வழி தவறி வந்து சேரும். கணுக்கால்வரை தொங்கும் கம்பளி அங்கி, கையில் காப்பிக் குவளை. முழங்கால் நனைவதற்குள் ஊரைக் கூட்டுகிற கூச்சல். அதைப் படம் வேறு எடுத்துக்கொள்வார்கள். ஒரு மேகம் வந்துவிட்டால் போதும், ‘இதுல வெயில்னுதானே போட்டிருக்கு’ என்று கைபேசியிடம் நியாயம் கேட்பார்கள். தலைக்கு மேல் வானம் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்தா ஒடிந்துவிடும்?

அவர்களைக்கூட விட்டுத் தள்ளலாம், சாயங்காலம் போய்விடுவார்கள். என் வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருந்தான். என் கணவன் கோல்மன். முப்பத்தெட்டு வருடமாக ஒரே பாட்டு: மழை, மழை, மழை. கூட்டுறவுப் பாலகத்தில் வேலை பார்த்தவரைக்கும் காலையில் பாடிவிட்டுப் போவான். ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் பாடினான். அவனுக்குப் பின்பாட்டு அவன் தம்பி மலாக்கி.

மலாக்கி நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா வீட்டை ஒரு ஜெர்மன் தம்பதிக்கு விற்றுவிட்டு ஸ்பெயினின் தென்கரைக்குக் குடிபோனவன். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழைவதற்கும் அவன் கூப்பிடுவதற்கும் சரியாக இருக்கும். கைபேசித் திரை முழுக்க வறுத்த இறால் மாதிரி ஒரு முகம். “அண்ணே, இங்க இன்னைக்கு முப்பத்தி நாலு டிகிரி!” ஏதோ அவனே ராத்திரி முழுக்கக் கண்விழித்து அந்த முப்பத்து நாலையும் அடுப்பு மூட்டிக் காய்ச்சியதுபோலப் பெருமை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். மலாக்கி இருக்கிற அக்கரையில் பச்சை என்று சொல்ல ஒரு புல்கூடக் கிடையாது, நானே திரையில் பார்த்தேன். ஆனாலும் கோல்மன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த ஆகஸ்டில் மலாக்கியின் பக்கத்து வீடு காலியானது. சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் நமக்கு, இல்லாவிட்டால் வேறு யாருக்கோ. கோல்மன் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தான். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, இந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாகப் போவது.

“நம்ம வயசுக்கு எலும்பு கொஞ்சம் காய வேணாமா, அட்ராக்டா?”

“செத்தப்புறம் காயறதுக்கு நிறைய நேரம் இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?”

“இந்த ஊர் மண்ணுலயா? அங்கயும் ஊறிப்போய்த்தான் கெடக்கணும்.”

“உருளைக்கெழங்கு ஊறல? நல்லாத்தானே வருது?”

“கேலி பண்ணாத. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பாழாப்போன கடற்கரைல ரெண்டு மணி நேரம் மழை இல்லாம இருந்திருக்கா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் நான் செய்கிற காரியங்களின் பலனைப் பிறகு நானேதான் அனுபவிப்பேன். “சரி, இந்த வாரம் பாத்துடலாம்” என்றேன். “திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் நீயும் என்கூட வா. ஒரு நாளாவது மழை இல்லாம போச்சுன்னா ஸ்பெயின் பேச்சு இந்த வீட்டுல இருக்கக் கூடாது. ஆறு நாளும் பேஞ்சுதுன்னா நான் பெட்டி கட்டறேன்.”

அவன் கண் மின்னியது. “மழையா இல்லையான்னு யார் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“நீயா? உனக்குத் தூறல் தெரியும், சாரல் தெரியும், கடல்மூச்சு தெரியும். மழைன்னு உன் வாயில வந்து நான் கேட்டதே இல்ல. போன வருஷம் பக்கத்து வீட்டு ஹியூயியோட ஆடு வெள்ளத்துல மெதந்து வருது, நீ சன்னல்ல நின்னுட்டு ‘கொஞ்சம் ஈரமா இருக்கு’ங்கிற!”

“அப்ப நீயே சொல்லிக்க.”

“நான் சொல்றதுதான் தீர்ப்பா?”

“நீ சொல்றதுதான்.”

சந்தையில் மாடு விற்கிறவன்போல உள்ளங்கையில் துப்பி என் கையில் ஓங்கி அறைந்தான். அப்படி அறைந்த பேச்சை எங்கள் ஊரில் யாரும் திருப்பி வாங்கியதில்லை. கிழடு தட்டிய இரண்டு பேர் சமையலறையில் நின்று செய்கிற வேலையா இது என்று கேட்கலாம். கேட்க அங்கே யாரும் இல்லை.

திங்கட்கிழமை மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. காரைக் கடலைப் பார்க்க நிறுத்தி, கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி, பதினொன்று நாலுக்கு கோல்மன் “மழை!” என்று கூவினான். கடற்கரையே காதில் வாங்கிக்கொள்ளாததால் எனக்காக இன்னொரு முறை கூவினான். பிறகு முட்டை ரொட்டியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். நான் பாட்டுக்கு இறங்கிப் போய்க் குளித்தேன்.

செவ்வாய்க்கிழமைதான் என்னை எரிச்சலூட்டியது. வானம் மூடிக்கொண்டு அசையாமல் இருந்தது, பன்னிரண்டு நாற்பது வரை ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. கோல்மன் பாறையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று துள்ளி எழுந்தான். தாளில் நான்கு சொட்டு. பேனாவை எடுத்து நான்கையும் சுற்றி வட்டம் போட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

“இது கடற்காக்காயோட வேலை” என்றேன்.

“காக்காய்க்கு இவ்வளவு சுத்தமா வராது. மழை!”

வாழ்நாளெல்லாம் சலித்துக்கொண்ட ஒரு விஷயத்துக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதனை நான் என்னவென்று சொல்வது? புதன்கிழமை ஆலங்கட்டி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்தோம், மூச்சுப் பட்டுக் கண்ணாடியெல்லாம் மங்கிப்போனது, கடல்கூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்தது பாருங்கள் ஒரு நாள். காலையிலிருந்தே வானத்தைத் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி. என் கணவன் செருப்பைக் கழற்றினான், பிறகு சட்டையைக் கழற்றினான், பிறகு கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பாறை இடுக்குகளில் நண்டைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தான். ஒரு நண்டு அவன் விரலைப் பிடித்தது, சத்தம் போட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. மனதுக்குள் மட்டும், முடிந்தது, இனி ஸ்பெயினாவது மண்ணாவது என்று சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குத் கடலுக்குள் தெரிகிற தீவுப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு மேகம், கைக்குட்டை அகலம்தான், நேராக எங்கள் தலைக்கு மேல் வந்து பிழிந்துவிட்டுப் போனது. கோல்மன் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். “மழை” என்றான். அன்றைக்குக் கூவவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கொட்டிக்கொண்டிருந்தது. அன்று எனக்கு நீந்தவே பிடிக்கவில்லை. பயமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? என்னுடைய அந்த இரண்டு மணி நேரத்தை நானே பந்தயத்தில் வைத்தேன். அது போய்விட்டால் மிச்சமிருக்கிற இருபத்திரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? குடைக்குக் கீழே வரிசையாகப் படுத்து, எண்ணெய் தடவி, அரைமணிக்கொரு தரம் திரும்பிப் படுக்கிற கூட்டத்துக்கு நடுவில் நானும் ஒரு பக்கம் வெந்து கிடப்பேனா? அன்று ராத்திரி மலாக்கி கூப்பிட்டான். கோல்மன் அவனிடம் பந்தயத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தான்.

“அஞ்சு நாள் ஆச்சா? ஆறாவது நாளும் காயாதுண்ணே. நாளைக்கு நானே பேப்பரோட வர்றேன், நீ கையெழுத்து மட்டும் போடு. அண்ணியப் பெட்டி கட்டச் சொல்லு” என்றான். அந்தச் சிரிப்பு எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்டது.

சனிக்கிழமை வானம் சாம்பல் நிறம். காற்று இல்லை, மழையும் இல்லை. பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. கோல்மன் மடித்த குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தான். நான் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன், கரையில் நின்றால் ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று. பன்னிரண்டரை தாண்டியது. இன்னும் கொஞ்சம்தான்.

அப்போதுதான் பாதையில் வாடகைக் கார் ஒன்று ஆட்டுப் புழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு வந்து நின்றது. மலாக்கி இறங்கினான். அரைக்கால்சட்டை, துணிச் செருப்பு, வெயில் கண்ணாடி. விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருக்கிறான், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள். அவன் கால் மணலில் பட்டதும் தூற ஆரம்பித்தது. அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

கோல்மன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான். நெற்றியைத் தடவிப் பார்த்தான். எழுந்து நின்று விரலை உயர்த்தினான். திங்கட்கிழமையிலிருந்து அந்த விரலை எனக்குத் தெரியும். வாயும் திறந்தது. அதற்குள் மலாக்கி முந்திக்கொண்டான்.

“அடச்சீ! என்ன எழவு மழைண்ணே இது! எறங்கி ஒரு நிமிஷம் ஆகல, முதுகு பூரா ஓடுது. எப்படித்தான் நீங்கள்லாம் இந்த ஊர்ல காலம் தள்றீங்களோ!”

கோல்மனின் விரல் அப்படியே நின்றது.

“நீங்கள்லாமா?” என்றான்.

எங்கள் ஊர் மழையை நாங்கள் திட்டுவோம். காலையில் எழுந்ததும் திட்டுவோம், சவ அடக்கத்தில் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் திட்டுவோம். வீட்டு நாயை நாம் திட்டலாம், அடுத்தவன் கல்லை எடுத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? மலாக்கி நான்கே வருடத்தில் அடுத்தவனாகிப் போயிருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை.

“எதுடா மழை?” என்றான் கோல்மன்.

“இதோ, இதுதான்!”

“இதுவா? இது கடல்லேர்ந்து வர்ற ஈரக்காத்து. மூஞ்சிக்கு நல்லது.”

“கண்ணாடி மேல தண்ணியா ஓடுதுண்ணே!”

“கண்ணாடி போட்டுக்கிட்டு மெயோவுக்கு வான்னு உன்னை எவன் கூப்பிட்டான்? நாலு வருஷத்துல மழை எதுன்னே மறந்துபோச்சா உனக்கு?”

“நான் ஏன் மறக்கறேன்? நம்ம அப்பா இந்த மழையிலயே பொறந்து இந்த மழையிலயே செத்தாரு. பாவம், ஆயுசுல ஒரு நாள் காஞ்சு இருந்ததில்ல.”

“அப்பாவைப் பேசாத!” கோல்மன் குடையை வீசி எறிந்தான். அது மணலில் உருண்டு போனது. “இந்த மாதிரி நாள்ல அப்பா சட்டையக் கழட்டிட்டுப் புல் அறுப்பாரு. ‘நல்லா காயற நாள்டா’ம்பாரு. மழையாம் மழை!” மேல்கோட்டையும் கழற்றினான். மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “கேட்டுக்கடா. நான் சொல்றேன். டிராபான்ல இன்னைக்கு மழை பெய்யல!”

என்னைச் சுற்றிக் கடல் முழுக்க மழை பொரிந்துகொண்டிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பது எவ்வளவு நல்ல பழமொழி! நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். கால் விறைத்துப்போனது, ஆனாலும் ஒரு மணி வரை தண்ணீரை விட்டு ஏறவில்லை. அண்ணனும் தம்பியும் அதுவரை மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்குக் கரைக்கு வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டேன்.

“மணி ஒண்ணு. தீர்ப்பு என்ன?”

கோல்மன் கடிகாரத்தைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, முகத்திலேயே தெரிந்தது. தம்பி பக்கம் ஒரு முறை திரும்பினான். பிறகு என்னைப் பார்த்து, “சொன்னது சொன்னதுதான். மழை இல்ல” என்றான்.

நான் முதலில் மலாக்கியைத்தான் பார்த்தேன். அவன் முகம் விழுவதை ஆசைதீரப் பார்க்க வேண்டும் என்று திரும்பினேன், மறைக்கவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். ஈரப் பாறை என்றும் பாராமல் அதன்மேல் உட்கார்ந்தான். இறால் நிறம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“அப்ப வரமாட்டீங்களா?”

“உனக்கென்ன கொறச்சல்?” என்றேன். “அங்கதான் முப்பத்தி நாலு இருக்கே.”

“இருக்கு அண்ணி. தெனமும் இருக்கு.” காகித உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “கடைக்காரன்கிட்ட ‘இன்னைக்கு நல்ல வெயில்’னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தான். நேத்தும் அதான், நாளைக்கும் அதான், அதைப் போய் எவன் பேசுவான்? இங்கன்னா ஒருத்தனைப் பாத்தா, காலைல எப்படி இருந்துச்சு, சாயங்காலம் என்ன ஆகும், மலைக்கு அந்தப் பக்கம் பேஞ்சுதான்னு அதுலயே அரை மணி நேரம் போயிடும். அப்புறம் அவன் பொண்டாட்டிக்கு முட்டி வலி எப்படி, மாடு கன்னு போட்டுச்சான்னு தானா வந்துடும். அங்க அந்த மொத வார்த்தையே இல்ல அண்ணி. ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் போன் பண்றேன் பாருங்க, வாரத்துல நான் பேசறதே அவ்வளவுதான்.”

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான்கு வருடமாக அந்தப் போன் அடிக்கும்போதெல்லாம் ‘இறால் வந்துடுச்சு’ என்று சொல்லிக் கோல்மனின் கையில் திணித்துவிட்டுப் போனவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

“திரும்பி வந்துட வேண்டியதுதானே?” என்றேன்.

“எங்க வர்றது? வீட்டைத்தான் வித்துட்டேனே. அதுவும் கெளம்பறதுக்கு மொத நாள் மதுக்கடைல அத்தனை பேரும் கேக்க, இந்தச் சேத்துல இனி கால் வைக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போனேன். எந்த மூஞ்சியோட வர்றது?”

பந்தயத்தில் தோற்றவன் என்னிடம் எதைக் கேட்பான்? கோல்மன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் முதுகு நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. எங்கள் மகள் லிமெரிக் நகரத்துக்குக் குடிபோன பிறகு பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது. மூன்று பேருக்கும் அது தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கடல் என்னுடையது, வீடு என்னுடையது, பதினொன்றிலிருந்து ஒன்றுவரை என்னுடையது. இவன் வந்தால் காலையில் மேசையில் இரண்டு பேர் மழையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். மத்தியானமும் போடுவார்கள். இங்கேயும் என் பின்னாலேயே வந்து போடுவார்கள். ஆறு நாள் பட்ட பாட்டுக்குக் கடைசியில் எனக்கு மிஞ்சப்போவது அதுதான்.

தவளை என்று நான் யாரைச் சொன்னேனோ!

“பின்னறை சும்மாதான் கெடக்கு” என்றேன். “செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும், மணல் ஒட்டிட்டு வந்தே, கொன்னுடுவேன். மதுக்கடைல கேட்டா அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்க வந்தேன்னு சொல்லிக்க.”

“எனக்கு ஒடம்புக்கு என்ன?” என்று கோல்மன் திரும்பாமலே கேட்டான்.

“வாயை மூடு.”

மலாக்கி என்னைப் பார்த்தான். அறுபது வயது ஆள், அரைக்கால்சட்டையோடு, பாறையில் உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. துண்டை உருவி அவன் மேல் எறிந்தேன்.

“மூஞ்சியத் தொடச்சுக்க” என்றேன். “யாராவது பாத்தா மழைன்னு நெனச்சுடப் போறாங்க.”